எட்டாம் இடமும் அடுத்த வருஷமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா பேக்டரியில் இருக்கிறார், அம்மா கொழுந்து எடுக்கிறார். நான் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே, இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் கொச்சி கால்பந்து அணியான கேரளா பிளாஸ்டர்ஸின் ரசிகன். எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிளப்பில் டிவி முன்னால் இருபது பேராவது கூடுவோம். இந்த 2024-25 சீசனின் கடைசி ஆட்டம், 2025 மார்ச் 12ஆம் தேதி ஹைதராபாத்தோடு 1-1 என்று முடிந்ததே, அன்றைக்கு ஏழு பேர்தான் இருந்தோம்.

ஆட்டம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. ‘கோரூ இன்னும் ரெண்டு வருஷத்துல எங்கேயோ போயிருவான்’, ‘டிஃபென்ஸ் செட் ஆயிருச்சு’, ‘நல்ல கோச் வந்தா போதும்’ என்று பேசிக்கொண்டே இருந்தோம். என்னைத் தேடி வந்த அப்பா இதைக் கேட்டுவிட்டு, ‘தோத்தவன் வாயில எப்பவும் காரணம் இருக்கும்டா’ என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பத்தில் இருக்கும் மாமா பையன் ‘தமிழனுக்கு எதுக்குடா மலையாளி டீம்’ என்று கேட்பான், அதெல்லாம் எனக்கு உறைப்பதே இல்லை. அப்பா சொன்னது மட்டும் மனதில் நின்றுவிட்டது. 2014இலிருந்து ஒரு கோப்பையும் இல்லை. மூன்று முறை ஃபைனல், மூன்றிலும் தோல்வி. இந்த முறை எட்டாம் இடம். நாங்கள் எங்களையே ஏமாற்றிக்கொள்கிறோமா?

இன்னொன்று. டிசம்பரில் ரசிகர் அமைப்பான மஞ்ஞப்பட, கிளப் நிர்வாகத்தை எதிர்த்தபோது நானும் அவர்கள் பக்கம்தான். அதே நேரம் ‘அடுத்த வருஷம் சரியாகிவிடும்’ என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா? அடுத்த சீசனுக்குக் கொச்சியில் கலூர் மைதானம் வரைக்கும் போய்வரக் காசு சேர்க்கலாமா வேண்டாமா என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.

க.,
மூணாறு

*

அன்புள்ள தம்பி,

அப்பா சொன்னது உண்மைதான். தோற்றவர்களிடம் எப்போதும் காரணம் இருக்கும். ஆனால் எல்லாக் காரணமும் ஒரே தரம் கிடையாது. ‘அடுத்த வருஷம் நம்ம வருஷம்’ என்பதை ஒரு ஆட்டம்கூடப் பார்க்காதவரும் சொல்லலாம். ‘டிஃபென்ஸ் செட் ஆயிருச்சு’ என்று சொல்வதற்கு உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். உங்கள் ஏழு பேரில் அதைச் சொன்னவர் யாரோ, அவரை எனக்குப் பிடித்துவிட்டது. அவர் சொன்னதைச் சரிபார்க்க முடியும் என்பதுதான் காரணம்.

சரி, பார்த்துவிடலாம். 24 ஆட்டங்களில் சரிபாதி, முதல் 12 ஆட்டங்கள், மிக்கேல் ஸ்டாரே பயிற்சியாளராக இருந்தார். 3 வெற்றி, 2 டிரா, 7 தோல்வி. 11 புள்ளி. வாங்கிய கோல் 24. கோல் வாங்காமல் முடித்தது ஒரே ஆட்டம்தான், நவம்பரில் கொச்சியில் சென்னையின் எஃப்சியை 3-0 என்று வென்றது. டிசம்பர் 14ஆம் தேதி கொல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிராக 2-1 என்று முன்னால் நின்றுவிட்டு, கடைசி சில நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி 3-2 என்று தோற்றார்கள். இரண்டு நாளில் ஸ்டாரேயை அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பொறுப்பேற்றவர்கள் இரண்டு பேர். திருச்சூர்க்காரரான டி.ஜி. புருஷோத்தமன், போலந்திலிருந்து வந்து கிளப்பின் இளையோர் அணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த தோமாஷ் சோர்ஸ். பெரிய சம்பளமும் விளம்பரமுமாக வந்தவர்கள் இல்லை, உள்ளேயே இருந்தவர்கள். அவர்கள் கையில் கிடைத்ததும் 12 ஆட்டங்கள்தான். 5 வெற்றி, 3 டிரா, 4 தோல்வி. 18 புள்ளி. வாங்கிய கோல் 13. கோல் வாங்காத ஆட்டங்கள் 4.

24 கோல் 13 ஆகியிருக்கிறது. உங்கள் நண்பர் சொன்னது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. இதே வேகத்தில் முழு சீசனும் ஆடியிருந்தால் 36 புள்ளி வந்திருக்கும். ஆறாம் இடத்தில் முடித்து, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போன மும்பை எடுத்ததும் அதே 36தான்.

இதோடு நிறுத்தினால் நமக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டதாக ஆகும். போட்ட கோல்களையும் எண்ண வேண்டும். சீசனின் முதல் 12 ஆட்டங்களில் 19, அடுத்த 12இல் 14. பின்னால் அடைத்ததற்கு முன்னால் விலை கொடுத்திருக்கிறார்கள். பிப்ரவரியில் மோகன் பகான் கொச்சிக்கே வந்து 3-0 என்று அடித்துவிட்டுப் போனது. அடுத்து கோவாவில் 2-0. மேலே இருக்கும் அணிகளோடு நமக்கு இன்னும் தூரம் இருக்கிறது என்பதை அந்த இரண்டு ஆட்டங்களும் காட்டின. மார்ச் 1ஆம் தேதி ஜாம்ஷெட்பூரோடு கோரூ அடித்த கோலில் முன்னால் போய், 86ஆவது நிமிடத்தில் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளிக்கொண்டு 1-1. பிளேஆஃப் ஆசை அதோடு முடிந்தது. நம்பிக்கைக்குக் காரணம் தேடுகிறவர் இந்த மூன்று ஆட்டங்களையும் மறக்காமல் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி என் பங்குக்கு ஒரு காரணம் சொல்கிறேன். ஜனவரி 5, டெல்லியில் பஞ்சாபோடு நடந்த ஆட்டம். முதல் பாதி முடியப்போகிற நேரத்தில் நோவா பெனால்டியில் கோல் போட்டார். இரண்டாம் பாதியில் முதலில் டிரின்சிச்சுக்குச் சிவப்பு அட்டை, கொஞ்ச நேரத்தில் ஐபனுக்கும் சிவப்பு. ஒன்பது பேர். சென்டர் பேக் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவரே வெளியே போய்விட்டார். அக்டோபரில் பார்த்த அணியாக இருந்தால் அந்தக் கடைசி நேரத்தில் இரண்டு மூன்று கோல் வாங்கியிருக்கும். அன்றைக்கு என்ன செய்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? யாரும் பந்துக்காக ஓடவில்லை. பெட்டிக்கு முன்னால் நான்கு பேர், அவர்களுக்கு முன்னால் நான்கு பேர், இரண்டு வரிசையாக நெருங்கி நின்றுகொண்டார்கள். பஞ்சாப் பக்கவாட்டில் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. இடதுபுறம் போனால் இரண்டு வரிசையும் சேர்ந்தாற்போல இடதுபுறம் நகரும், வலதுபுறம் போனால் வலதுபுறம். நடுவில் வழி திறக்கவே இல்லை. 1-0. அடுத்த வாரம் கொச்சியில் ஒடிசாவிடம் நான்காவது நிமிடத்திலேயே கோல் வாங்கி, 3-2 என்று திருப்பி அடித்தார்கள். அதற்கடுத்து நார்த் ஈஸ்ட்டோடு அரை மணி நேரத்திலேயே பத்துப் பேராகி, மீதி ஆட்டம் முழுவதும் தாக்குப்பிடித்து 0-0.

பட்டியலில் இவையெல்லாம் 7 புள்ளி. பார்த்தவர்களுக்கு அதற்கும் மேலே. ஒரு சொல் கேட்டால் சேர்ந்து நகரும் அணியாக இவர்கள் மாறியிருந்தார்கள். இந்த மாற்றம் வெற்றியிலும் தெரியும், தோல்வியிலும் தெரியும். ஆனால் ஸ்கோரை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாது.

இந்தப் பழக்கம் நம் மலையில் புதிதில்லை. பின்லே ஷீல்டு ஆட்டங்களுக்குப் பழைய மூணாறு மைதானத்துக்குப் போயிருப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்து இன்றுவரை எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதிக்கொள்ளும் போட்டி. ஒவ்வொரு வருஷமும் ஷீல்டு ஒரு எஸ்டேட்டுக்குத்தான். மற்ற எஸ்டேட்காரர்கள் எல்லாரும் தோற்றுத்தான் ஜீப் ஏறுகிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது கோல்போஸ்டுக்குப் பின்னால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் எஸ்டேட் நான்கு கோல் வாங்கித் தோற்ற ஒரு சாயங்காலம், எல்லாரும் கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் ‘அந்த ரைட் பேக் பயலைப் பாத்தியா? மொத மூணு கோலும் அவன் பக்கந்தான் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒருத்தனையும் உள்ள விடல’ என்றார். நான் பார்த்திருக்கவில்லை. அவர் சொன்ன பிறகு அடுத்த ஆட்டத்தில் அந்தப் பையனை மட்டுமே பார்த்தேன். வெளியே போகிறவனைத் தடுக்க ஓடாமல், உள்ளே திரும்பும் வழியில் நின்றுகொண்டான். முந்தின ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித்தான் அதைக் கற்றிருக்கிறான். கால்பந்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பெரியவர். அவரிடம் யாரும் ‘உன்னையே ஏமாத்திக்கிறியா’ என்று கேட்டதில்லை. அவ்வளவு துல்லியமாகப் பேசுகிறவரிடம் அப்படிக் கேட்க முடியாது.

உங்கள் அப்பாவும் அந்த மைதானத்தில் நின்று கத்தியவராகத்தான் இருப்பார். அவருடைய எஸ்டேட் கடைசியாக எப்போது ஷீல்டு தூக்கியது என்று ஒருநாள் கேளுங்கள். தூக்காத வருஷங்களில் யார் நன்றாக ஆடினார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமான பதில் வரும்.

அப்புறம், காரணங்கள் பலிக்குமா என்பது. பலித்ததும் உண்டு, பலிக்காததும் உண்டு. 2018-19இல் பிளாஸ்டர்ஸ் 10 அணிகளில் ஒன்பதாவது. அடுத்த வருஷம் ஏழாவது. அதற்கடுத்து 2020-21இல் 11 அணிகளில் பத்தாவது, 20 ஆட்டங்களில் 17 புள்ளி. அந்தச் சீசன் முழுவதும் கோவாவில் ஆளில்லாத மைதானங்களில் நடந்தது. அப்போதும் ரசிகர்கள் காரணம் சொன்னார்கள். சகல் இருக்கிறான், ஜீக்சன் இருக்கிறான், ராகுல் இருக்கிறான், எல்லாரும் சின்னப் பசங்க, விட்டுப் பிடிக்கணும் என்று. கேலி செய்தவர்கள் எத்தனை பேர்! 2021-22இல் பயிற்சியாளராக இவான் வுகோமனோவிச் வந்தார். உருகுவே வீரர் லூனா வந்தார். முதல் ஆட்டத்திலேயே 4-2 என்று தோல்வி. அதற்குப் பிறகு தொடர்ந்து 10 ஆட்டங்களில் தோற்கவில்லை. அரையிறுதி முதல் ஆட்டத்தில் வெற்றி கோல் அடித்தவர் சகல். ஃபைனலில் ஹைதராபாத்துக்கு எதிராகக் கோல் அடித்தவர் ராகுல். 88ஆவது நிமிடத்தில் சமன் ஆகி, பெனால்டியில் கோப்பை போனது வேறு கதை. பத்தாம் இடத்து அணியில் பார்த்துச் சொன்ன பெயர்கள்தான் ஃபைனல் வரைக்கும் கொண்டுபோயின.

பக்கத்து வீட்டு உதாரணமும் இருக்கிறது. 2015இல் சென்னையின் எஃப்சி ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று உள்ளே வந்தார்கள். சென்னை வெள்ளத்தில் மிதந்ததால் சொந்த மைதானத்து அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். ஃபைனலில் கோவாவிடம் 90ஆவது நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கி, 3-2 என்று கோப்பையைத் தூக்கினார்கள். உங்கள் மாமா பையனிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான். தமிழனுக்கு எதுக்கு மலையாளி டீம் என்ற கேள்விக்கு நானும் மெனக்கெடப் போவதில்லை. மூணாறிலிருந்து கலூர் ஏறக்குறைய 130 கிலோமீட்டர், சென்னை அதைப்போல நான்கு மடங்குக்கு மேல். ஆட்டம் பார்க்கப் போகிறவன் பக்கத்தில் இருக்கும் மைதானத்துக்குத்தான் போவான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

சகல் எங்கே? 2023இல் மோகன் பகானுக்குப் போய்விட்டார். ஜீக்சன்? 2024இல் ஈஸ்ட் பெங்கால். ராகுல் 2025 ஜனவரியில் ஒடிசா. 2021-22இல் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை வாங்கிய கில்லும் 2023இலேயே ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார். தோல்வியான வருஷங்களில் ரசிகர்கள் எந்தப் பையன்களைக் காட்டி ‘இவங்க இருக்காங்க’ என்று சொன்னார்களோ, அதே பையன்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் நிர்வாகத்திடம் ஒரு கணக்கு இருக்கலாம், வீரருக்கும் போக விருப்பம் இருந்திருக்கலாம். ஆனால் கூட்டிப் பார்த்தால் வளர்த்துக் கொடுத்ததாகத்தான் வருகிறது. இதைக் கேட்க யாருக்கு உரிமை? கோப்பை, கோப்பை என்று மட்டும் சொன்னவருக்கு இல்லை. சகலை 17 புள்ளி எடுத்த வருஷத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான்.

அதனால் உங்கள் நம்பிக்கையும் கோபமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை தம்பி. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், ஆட்டத்தைக் கவனமாகப் பார்த்தது. மஞ்ஞப்பட டிசம்பரில் செய்ததையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நிர்வாகத்திடமிருந்து டிக்கெட் எடுத்து விற்க மாட்டோம் என்றார்கள், மைதானத்தில் எதிர்ப்பைக் காட்டுவோம் என்றார்கள். அணியைக் கைவிடுகிறோம் என்று சொல்லவில்லை. யாரை ஆதரிக்கிறோம், யாரைக் கேள்வி கேட்கிறோம் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. 2014இலிருந்து ஃபைனலில் தோற்றாலும், கடைசியில் முடித்தாலும் இந்த அணிக்கு ஆள் கூடியிருக்கிறது. எப்படியும் வந்துவிடுவார்கள் என்ற தைரியம் ஒரு நிர்வாகத்துக்கு வந்துவிட்டால், அணியைச் சரிசெய்ய வேண்டிய அவசரம் அதற்கு இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ரசிகனை வைத்து ஜெர்சி விற்கலாம். கணக்கு வைத்துக்கொண்டு நம்பும் ரசிகனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்ட ரசிகர்கள் பெருக வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

இந்த முறை யாரைக் காட்டலாம்? ஹிமெனெஸ் 11 கோல், நோவா 7 கோல். இருவரும் வெளிநாட்டுக்காரர்கள், ஒரு ஒப்பந்தம் மாறினால் போய்விடுவார்கள். அவர்கள்மேல் பெரிய ஆசையைக் கட்ட வேண்டாம். நான் பார்ப்பது கோரூவை. மணிப்பூர்ப் பையன், 18 வயது. ஜனவரி 30ஆம் தேதி சென்னையில் 3-1 என்று வென்ற ஆட்டத்தில் முதல் பாதியின் கூடுதல் நேரத்தில் கோல் போட்டான். கோலைவிட எனக்குப் பிடித்தது வேறு. பந்தை இழந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பதில்லை, உடனே திரும்பிப் பின்னால் ஓடுகிறான். அந்த வயதில் விங்கில் ஆடுகிறவர்களுக்கு இது எளிதில் வராது. விபின் மோகனன், லட்சத்தீவு இரட்டையர் அய்மன், அஸ்ஹர், இவர்களும் கிளப்பின் இளையோர் அணிகளில் வளர்ந்து வந்தவர்கள். இந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சீசன் தொடங்கும்போது யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பாருங்கள். கலூருக்குக் காசு சேர்ப்பதா என்ற கேள்விக்கு அதிலிருந்துதான் பதில் எடுக்க வேண்டும். இவர்களை வைத்துக்கொண்டு தோற்றால் போங்கள், நானும் வருகிறேன். இவர்களை விற்றுவிட்டு வெளிநாட்டிலிருந்து இரண்டு பெரிய பெயர்களைக் கொண்டுவந்து போஸ்டர் ஒட்டினால், காசை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கிளப்பில் டிவி இருக்கிறது. ராத்திரி மெட்ரோவில் ஆலுவா வந்து, விடிகிற பஸ்ஸுக்குக் காத்திருந்து, அடிமாலி ஏறி வந்து அன்றைக்கே ஜீப் எடுக்கிறவருடைய பணம் அது. அதை அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடக் கூடாது.

புதுப் பயிற்சியாளரின் பெயர் 2025 மார்ச் 25ஆம் தேதி வந்துவிட்டது. டேவிட் கத்தாலா, ஸ்பெயின்காரர், ஆடிய காலத்தில் டிஃபென்டர். அதனால் பின்வரிசை நன்றாக இருக்கும் என்று இப்போதே சொல்ல மாட்டேன், பார்க்காமல் சொல்வது அது. அவருடைய முதல் ஆட்டம் 2025 ஏப்ரல் 20, புவனேஸ்வரில் சூப்பர் கப், எதிரே ஈஸ்ட் பெங்கால். நாக்-அவுட், தோற்றால் அன்றைக்கே முடிந்தது. ஸ்கோர் என்ன ஆனாலும் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். பந்து போன பிறகு டெல்லியில் நின்ற மாதிரி இரண்டு வரிசையும் சேர்ந்து நகர்கிறதா? அப்படி நகர்ந்தும், பந்து கிடைத்ததும் முன்னால் போக மூன்று பேராவது இருக்கிறார்களா? இரண்டாவது கேள்விக்குப் புருஷோத்தமனிடம் பதில் இருக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் உங்கள் ஏழு பேரும் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். டிஃபென்ஸ் பற்றிச் சொன்ன நண்பர் தனியாகவே எழுதினாலும் நல்லது.

அன்புடன்.